ஆப் டாக்ஸியில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி?

ஆப்பில் பிடித்த டாக்ஸியில் போகும்போது விபத்தாகி அடிபட்டால், கை நடுக்கம் அடங்கியதும் அந்தப் பயணத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வண்டி எண், ஓட்டுநர் பெயர், ஏறிய இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் அந்த வண்டியில் பயணியாக இருந்ததற்கு அது நல்ல சான்று.

என் தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தபோது, "கேஸ் வேண்டாம் சார், ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று ஓட்டுநர் கெஞ்சினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இழப்பீட்டைத் தரவேண்டியது பெரும்பாலும் வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனம். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் அவர்களிடம் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

ஆஸ்பத்திரியிலும் 'சாலை விபத்து' என்றே பதியச் சொல்லுங்கள். அவசரத்தில் யாராவது 'வழுக்கி விழுந்தார்' என்று சொல்லி அது பதிவாகிவிட்டால் அப்புறம் பெரிய தலைவலி. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில், சம்பளம் போன நாட்களின் கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

மனுவை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடவேண்டும். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். கட்டுப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தவறு டாக்ஸி மீதா, எதிரே வந்த லாரி மீதா என்று தெரியவில்லையா? சரி, இரண்டு தரப்பையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.