பைக்கை ஹோலுக்குள் ஏற்றுவதற்கு முன்

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒரு கார் நின்றாலே இன்னொன்று போக இடமில்லை, வெளியே விட்ட பைக்கின் சைட் கண்ணாடி காலையில் இருக்குமோ தெரியாது, போதாததற்கு உப்புக் காற்று செயினைத் தின்றுவிடும். அதனால்தான் இரவானால் ஹோலுக்குள் ஏற்றுகிறோம். நானும் ஏற்றுகிறேன். ஆனால் பெற்றோல் ஆவியையும் காப்புறுதிப் பத்திரத்தையும் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

என்னிடம் முதலில் இருந்தது பழைய கார்பரேட்டர் பைக். ஒரு நாள் பெற்றோல் கொக்கை, அதாவது டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் போவதை நிறுத்தும் திருகை, மூட மறந்து படுத்துவிட்டேன். விடிய ஐந்து மணிக்கு அம்மா தீப்பெட்டியும் கையுமாக வந்து என்னை எழுப்பி, "தம்பி, பெற்றோல் மணக்குது, விளக்கேத்தவோ?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் பைக்கின் கீழே டைல்ஸில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம், பக்கத்தில் கிடந்த ரப்பர் கால்மிதியின் ஓரம் ஊறி மேலே சுருண்டிருந்தது. அம்மா கேட்காமல் குச்சியைக் கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும், கொழும்பு வெக்கையில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து கதவிடுக்கால் அடுத்த அறைக்குள் போகும், அங்கே தரையில்தான் நுளம்புச் சுருள் எரிகிறது, சாமி அறையில் குத்துவிளக்கு இருக்கிறது, குசினியில் ஃபிரிட்ஜின் அடியில் மோட்டார் ஓடுகிறது. மணம் வந்தால் லைட், ஃபேன் சுவிட்ச் எதையும் தொட வேண்டாம், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், கதவு ஜன்னலைத் திறந்து ஆட்களை வெளியே எடுங்கள். தீயணைப்புக்கு 110.

இப்போது நான் செய்வது இது. வந்தவுடன் உள்ளே ஏற்றுவதில்லை, சைலன்சர் தொடக்கூடிய சூட்டுக்கு வரும்வரை வெளியே நிற்கட்டும். கார்பரேட்டர் பைக் என்றால் கொக்கை மூட வேண்டும், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக்கில் கொக் இருக்காது, ஆகவே ஹோஸும் டாங்கி மூடியின் ரப்பரும் வெடித்திருக்கிறதா என்று சேர்விஸுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். டாங்கியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், சூட்டில் பெற்றோல் விரியும். எஞ்சினை உள்ளே ஸ்டார்ட் பண்ணவே கூடாது, அரை நிமிடம் என்றாலும் சரி, காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. பற்றரியைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் பண்ணுங்கள். அப்புறம், வாசலை அடைத்து நிறுத்தாதீர்கள். ஃபிளாட்டில் வெளியேற அந்த ஒரே கதவுதான், அதன் முன்னால் பைக் பற்றினால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவது? ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றைப் பைக்கின் பக்கத்தில் வைக்காமல் ஓடிப்போய் எடுக்கக்கூடிய தூரத்தில் மாட்டுங்கள். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கானில் பெற்றோல் வாங்கி வீட்டில் வைத்த பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள்.

இனி காப்புறுதி. சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் பைக்கால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான காப்புறுதி, மட்டும் எடுத்திருந்தால், உங்கள் பைக் வீட்டுக்குள் எரிந்தாலும் களவு போனாலும் ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதியில் பொதுவாகத் தீயும் களவும் அடங்கும். உணவு டெலிவரிக்கு ஓடுகிறவர்கள் அதைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும், சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு ஓடினால் பிறகு மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

வீட்டுக் காப்புறுதி பைக்குக்கும் சேர்த்து என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுச் சாமான் என்ற கணக்கில் மோட்டார் வாகனத்தைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, பத்திரத்தில் விலக்குகள் என்று இருக்கும் பக்கத்தை வாசியுங்கள். இன்னொன்று, சாமான்களின் பெறுமதியைக் குறைத்து எழுதாதீர்கள், 40 லட்சத்துச் சாமானை 20 லட்சம் என்று காட்டியிருந்தால், பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்று கணக்கிட்டு, 4 லட்சத்துக்குச் சேதம் வந்தாலும் அதில் பாதிதான் தருவார்கள்.

முக்கியமானது, வீட்டுக்குள் பைக் நிற்கிறது என்பதைக் கம்பனிக்கு முன்கூட்டியே சொல்வது. ஆபத்தைக் கூட்டும் விஷயத்தை மறைத்தால் காப்புறுதியே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். போனில் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் "அது பிரச்சினை இல்லை அண்ணா" என்பதுதான். அதையே ஈமெயிலில் கேட்டேன். வந்த பதிலில் இரண்டு நிபந்தனைகள், மேலதிக பெற்றோல் வைக்கக்கூடாது, வீட்டுக்குள் திருத்த வேலை செய்யக்கூடாது. போன் பேச்சை நம்பியிருந்தால் இரண்டுமே எனக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் எழுதும்போது பைக் எந்த அறையில், இரவில் மட்டுமா, வாடகை வீடா சொந்த வீடா என்று போட்டு, இதனால் தீக்காப்பு பாதிக்கப்படுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

வாடகைக்கு இருந்தால் வீட்டு ஓனரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கட்டடத்துக்குக் காப்புறுதி அவருடையது, அவருடைய கம்பனி அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, தவறு உங்களுடையது என்றால் அதை உங்களிடம் கேட்டு வரலாம். ஃபிளாட்டில் நடைபாதையும் லிஃப்ட் முன்னுள்ள இடமும் எல்லோருக்கும் பொது, அங்கே நிறுத்துவதற்கு ஓனர் அனுமதி போதாது, முகாமைத்துவக் குழுவையும் கேட்க வேண்டும்.

கம்பனி காரணமில்லாமல் மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள், சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே காட்ட அந்த ஈமெயில், ஓனரின் கடிதம், பைக்கின் சட்டத்தில் அடித்திருக்கும் செசி நம்பர் தெரியும் படம், நிறுத்தும் இடத்தின் படம் எல்லாம் வேண்டும். அலுமாரியில் மட்டும் வைத்தால் வீட்டோடு எரிந்துவிடும், ஒரு பிரதியை அக்காவுக்கோ தங்கச்சிக்கோ இன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.