மெஷினைத் திட்டும் முன்: ஜெலற்றினும் முனைவுமானியும்

போன வாரம் ஒரு மாணவி வந்து, "சேர், முனைவுமானி பழுது. வாசிப்பு ஓரிடத்தில் நிற்குதில்லை" என்றார். இதே திருகோணமலையில் இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். முனைவுமானி என்பது, ஒரு கரைசல் முனைவாக்கிய ஒளியின் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி. குழாயில் குமிழி, கண்ணாடியில் கைரேகை எல்லாம் நீங்களே ஒரு நாளில் பிடித்துவிடுவீர்கள். அவற்றை விடுகிறேன். ஜெலற்றினை அளக்கும்போது நாம் செய்யும் மற்றத் தவறுகள்தான் கீழே.

மடிந்து முடியாததை அளப்பது

ஜெலற்றின் ஒரு கைரல் பல்பகுதியம்: இடக்கை, வலக்கை போல, தன் கண்ணாடி விம்பத்தோடு பொருந்தாத அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. 40 பாகை செல்சியசுக்கு மேல் அதன் சங்கிலிகள் அவிழ்ந்த நூல் போலக் கிடக்கும்; சோடியம் ஒளியில் (589 நனோமீற்றர்) தன்சுழற்சி, அதாவது செறிவுக்கும் குழாய் நீளத்துக்கும் ஈடுசெய்த திருப்பம், ஏறக்குறைய −130. ஆற ஆற, மூன்று மூன்றாக முறுக்கிச் சுருளியாகும், எண்ணும் இறங்கிக்கொண்டே போகும். முழுச் சுருளியான கொலாஜனுக்கு அது −350ஐயும் தாண்டும். அணுக்கள் மாறவில்லை, அவை நிற்கும் ஒழுங்குதான் மாறியது.

இந்த மடிப்பு நிமிடத்தில் முடியாது, மணிக்கணக்கில் தொடரும். நான் காலையில் ஏசி அறையில், 24 பாகையில், அளக்கத் தொடங்கினேன். எண் இறங்கியது. மத்தியானம் கரன்ட் போனது, அறை 31ஐத் தொட்டது, எண் திரும்பி ஏறியது. ஜெலற்றின் கெட்டுவிட்டதென்று போத்தலோடு கொட்டிவிட்டுக் கொழும்பிலிருந்து புதிது எடுப்பித்தேன். இரண்டு கிழமை வீண். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

வீட்டில் யாரையாவது கேட்டிருக்கலாம். நம்மூர் வெக்கையில் கடற்பாசி (அகர்) மேசையிலேயே உறையும், ஜெலிக்கு பிரிட்ஜ் வேண்டும். கடற்பாசி 40க்குச் சற்றுக் கீழே உறைந்தால் 80 தாண்டித்தான் இளகும். ஜெலற்றின் 30ஐ ஒட்டியே இளகிவிடும். புத்தகத்தின் 'அறை வெப்பநிலை' குளிர்நாட்டு அறைக்கு எழுதியது. வோட்டர் பாத்தில் வெப்பநிலையைப் பூட்டுங்கள், ஆறத் தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள்.

சூடாக்கினால் 'கை' மாறிவிட்டதென்று நினைப்பது

இல்லை. மறுபடி ஆறவிட்டுப் பாருங்கள், எண் திரும்பி இறங்கும். கைத்தன்மையே போயிருந்தால் அது இறங்காது.

உறைந்த ஜெலை குழாயில் அமுக்குவது

நெருக்குண்ட ஜெல் தானே இரட்டை முறிவு காட்டும், அதாவது ஒளியை இரண்டாகப் பிரிக்கும்; வாசிப்பு குழம்பும். திரவமாக ஊற்றி, உள்ளேயே உறையவிடுங்கள்.

589ஐ மட்டும் நம்புவது

மடிந்தது தெரியும், எப்படி மடிந்தது என்பது தெரியாது. புரதங்கள் மடியும் வடிவங்களில், அல்பாச் சுருளி வட்ட இருநிறத் திருசியத்தில் (இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளி உறிஞ்சப்படுவதன் வித்தியாசத்தை அளப்பது) 208, 222 நனோமீற்றரில் பள்ளம் காட்டும். பீற்றாத் தகடு 218ஐ ஒட்டி.

இருநிறத் திருசியத்துக்கு உப்புக் கரைசல் பாவிப்பது

வேண்டாம். 200 நனோமீற்றருக்குக் கீழே உப்பிலுள்ள குளோரைட்டே ஒளியை விழுங்கிவிடும்.