ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா? நாமே சரிசெய்யலாம்

ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழும். பாத்ரூமில் யாரும் இல்லை, ஆனால் 'ஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பிளம்பரைக் கூப்பிடுமுன் நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள். பெரும்பாலும் சின்னக் கோளாறுதான்.

முதல் தடவை நான் எதையும் பார்க்காமல், தண்ணீர் நிரப்பும் வால்வைப் புதிதாக வாங்கி மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. கோளாறு அடியில் இருந்த வாஷரில்! அதனால் ஸ்பேனரை எடுக்காமல் முதலில் கண்ணால் பார்ப்போம்.

டேங்க் மூடியை மெதுவாகத் தூக்குங்கள். பீங்கான் மூடியென்றால் தரையில் துணி விரித்துப் படுக்கவையுங்கள். சுவரில் சாய்த்தால் வழுக்கி உடையும். உள்ளே ஒரு பக்கம் தண்ணீர் நிரப்பும் வால்வும் அதன் மிதவையும். நடுவில் தண்ணீரைக் கீழே திறந்துவிடும் வால்வு. அதை ஒட்டி, வாய் திறந்தபடி நிற்பது ஓவர்ஃப்ளோ குழாய்.

தண்ணீர் அந்த வாய்க்குள் வழிகிறதா? அப்படியானால் மிதவைப் பக்கம்தான் கோளாறு. மட்டம் வாய்க்குக் கீழே இருந்தும் டேங்க் அவ்வப்போது தானாக நிரம்புகிறது என்றால், அடியில் கசிகிறது. உறுதிசெய்ய, உணவுக்குப் போடும் கலர் சில சொட்டு டேங்கில் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கோப்பையில் கலர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மிதவை வேலை சுலபம். அதிலுள்ள திருகைத் திருப்பி, ஓவர்ஃப்ளோ வாய்க்கு சுமார் 2.5 செ.மீ. கீழே தண்ணீர் நிற்கும்படி மிதவையை இறக்குங்கள். பழைய பந்து மிதவை என்றால் ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தளும்பினால் பந்தை மாற்ற வேண்டும். மிதவையைக் கையால் முழுக்கத் தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லையா? வால்வுக்குள் மண் சிக்கியிருக்கலாம், இல்லை அதன் வாஷர் தேய்ந்திருக்கலாம்.

அடியில் கசிவு என்றால், டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயில் சுவரோரம் உள்ள ஆங்கிள் வால்வை வலப்பக்கம் திருகி மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். சங்கிலியில் தொங்கும் ரப்பர் மூடி உள்ள டேங்கில் முதலில் சங்கிலியைப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மூடி சரியாக உட்காராது. ரொம்ப நீளமென்றால் சங்கிலியே மூடிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒரு செ.மீ. தொய்வு போதும். பட்டன் வகையில் நடு வால்வைப் பிடித்து இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அதன் அடியில் வளையம் மாதிரி இருப்பதுதான் வாஷர்.

அதை விரலால் தடவுங்கள். கருப்பாகக் கையில் ஒட்டினாலோ, விறைத்து நெளிந்திருந்தாலோ மாற்றுங்கள். பழையதை மாதிரிக்குக் கடைக்கு எடுத்துப் போங்கள், அளவு தப்பாது. வெள்ளையாக உப்பு மட்டும் படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். வாஷர் உட்காரும் விளிம்பையும் அப்படியே தேயுங்கள். கத்தி வேண்டாம், ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி கசியும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரை ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். நான் அதை நிறுத்திவிட்டேன்.

எல்லாவற்றையும் மாட்டி, ஆங்கிள் வால்வைத் திறந்து, டேங்க் நிரம்பியதும் கலர் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டு மூடியைப் போடுங்கள்.