அங்கன்வாடிப் பணியில் பெற்றோரை ஈடுபடுத்துவது எப்படி?

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து அங்கன்வாடிகளில் குழந்தையைக் காலையில் கொண்டுவந்து விடுபவர் பல வேளைகளில் பாட்டியாகவே இருக்கிறார். தாய் ஷூ கம்பெனி பேருந்தைப் பிடிக்க முன்னதாகவே கிளம்பியிருப்பார். தந்தை கொத்தனார் வேலைக்கோ லாரிக்கோ போயிருப்பார். நிலைமை இப்படியிருக்க, பெற்றோர் கூட்டம் காலை 11 மணிக்கு என்று அறிவித்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை.

ஆகவே, சேர்க்கையின்போதே ஒரு நோட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரே, கொண்டுவந்து விடுபவர் யார், அழைத்துப் போபவர் யார், வீட்டில் பேச எந்த நேரம் தோதுப்படும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் அந்த நோட்டைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார் அதிகமுள்ள ஊரில், ஏரிக்கரையில் அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் பேசும் கால் மணி நேரம், மையத்தில் நாற்காலி போட்டு நடத்தும் கூட்டத்தைவிடப் பலன் தரும். பாட்டியையும் பெற்றோராகவே கருதிப் பேசுங்கள். பகல் முழுவதும் குழந்தையுடன் பேசிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி, "பக்கத்து நர்சரியில் ஏ, பி, சி, டி எழுதுகிறார்கள், இங்கே விளையாட மட்டும்தானா?" என்பது. இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கேட்டவரை அரை மணி நேரம் உள்ளே உட்கார வையுங்கள். புளியங்கொட்டைகளை நிறைய, கொஞ்சம் என்று பிரித்து அடுக்கும் குழந்தை எண்ணுவதற்குத் தயாராகிறது என்பதையும், களிமண்ணைப் பிசைந்து உருட்டும் விரல்களுக்குத்தான் பின்னால் பென்சில் பிடிக்கும் வலு வரும் என்பதையும் அந்த இடத்திலேயே காட்டுங்கள். கண்ணால் பார்த்த தாய், அதையே தெருவில் நாலு பேரிடம் சொல்வார்.

அடுத்து, வீட்டில் செய்யும்படி ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். அது ஏற்கெனவே வீட்டில் நடப்பதாக இருக்க வேண்டும்: கத்திரிக்காயைப் பெரியது, சிறியது என்று பிரிக்கச் சொல்வது, துவைத்த துணியில் அப்பாவுடையது எது, தம்பியுடையது எது என்று கேட்பது போன்றவை போதும். பீடி சுற்றும் வீடுகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடும் தாய்க்கு எண்ணிக்கை கைவந்த கலைதான் என்றாலும், புகையிலைத் தூள் பறக்கும் முறத்தருகே குழந்தையை உட்கார வைத்து எண்ணச் சொல்லக் கூடாது. வேலை முடிந்து கை கழுவிய பின் கூழாங்கல்லை வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

இம்மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. அவர்களிடம், வீட்டிலும் தமிழில் பேசுங்கள் என்று சொல்வது, என் கருத்தில், நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல். தாய் தனக்குச் சரளமான மொழியில் கதை சொன்னால்தான் குழந்தையின் பேச்சு வளரும். அதன் மேல் தமிழ் தானே வந்து சேரும். அந்தத் தாயையே ஒரு நாள் மையத்துக்கு அழைத்து, அவர் மொழியில் ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லுங்கள்.

தந்தையரைப் பேச அழைத்தால் பெரும்பாலும் தயங்குவார்கள். வேலை கொடுத்தால் வருவார்கள். தரையில் 1 முதல் 10 வரை பெயிண்ட் அடிக்கவும், ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிக்கவும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்பார். குழந்தையின் எடைக் குறைவையோ பேச்சுத் தாமதத்தையோ அக்குழுவில் போடாமல், பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள். கூட்டத்துக்கு வராதவரையும் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டாம். நோட்டில் குறித்த நேரத்தில் ஒரு போன் போட்டு, குழந்தை அன்று செய்த ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு எந்த நாள் வசதிப்படும் என்று கேளுங்கள்.