புளிக்காத எஸ்பிரெசோ: வீட்டில் இத்தாலிய முறையில் போடுவது எப்படி?

எஸ்பிரெசோ, அதாவது வெந்நீரை அழுத்தத்தோடு தூளுக்குள் செலுத்தி எடுக்கும் கெட்டியான காபி, போடும் இயந்திரம் வாங்கிய முதல் இரண்டு மாதம் ஒரு கோப்பைகூட எனக்குச் சரியாக அமையவில்லை. ஒரு நாள் புளிக்கும், மறுநாள் காந்தும். இப்போது தினமும் காலையில் ஒரே மாதிரி வருகிறது. என்னைத் தடுக்கிவிட்ட இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இயந்திரத்தை இயக்கும் விதம் அதன் கையேட்டிலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் அளவு

இத்தாலிய எஸ்பிரெசோவுக்கென்று அந்த நாட்டில் ஒரு தர அமைப்பே இருக்கிறது. அவர்கள் சொல்லும் கணக்கு: 7 கிராம் தூள், சுமார் 88 டிகிரி செல்சியஸ் வெந்நீர், 9 பார் அழுத்தம், 25 விநாடி. நுரையோடு சேர்த்து 25 மில்லி இறங்க வேண்டும். இரட்டைக் கோப்பைக்கு 14 கிராம். இன்று பல வீடியோக்களில் 18, 20 கிராம் போடுகிறார்கள். அது வேறு பாணி. 14 கிராம் பாஸ்கெட்டில், அதாவது தூளைப் போடும் ஓட்டையுள்ள சின்ன உலோகக் கிண்ணத்தில், 18 கிராமைத் திணித்தால் தூள் மேலே இருக்கும் சல்லடையில் போய் முட்டும், தண்ணீர் பரவ இடமே இருக்காது.

அந்த 9 பார்தான் எல்லாவற்றுக்கும் மூலம். பழைய இயந்திரங்கள் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்தன. மிலானில் அக்கிலே காஜ்ஜியா 1948-இல் கொண்டுவந்த ஸ்பிரிங் நெம்புகோல் இயந்திரத்தில்தான் தங்க நிற நுரை, அதாவது கிரேமா, கோப்பையின் மேல் படிய ஆரம்பித்தது. அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தில் அந்த அழுத்தம் கிடையாது. மோக்கா காபி எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை எஸ்பிரெசோ கணக்கில் சேர்க்க முடியாது.

கொட்டை வாங்கும்போது

பையில் 'எஸ்பிரெசோ' என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் வாங்க வேண்டாம். அந்தப் பெயரில் தனி ரகக் கொட்டை ஏதும் இல்லை. பையைத் திருப்பி, வறுத்த தேதியைத் தேடுங்கள். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்ற தேதி மட்டும் இருந்தால் நான் எடுப்பதில்லை. வறுத்து ஒரு வாரம் ஆறவிட்டு, அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. புதிதாக வறுத்த கொட்டையில் கரியமில வாயு நிறைய இருக்கும். நுரையைக் கட்டுவது அதுதான். ஆனால் வறுத்த மறுநாளே போட்டால் வாயு மிஞ்சிப்போய் ஓட்டம் தாறுமாறாகிறது. நாள்பட்ட கொட்டையில் நுரையே கட்டாது.

இத்தாலியச் சுவை வேண்டுமென்றால் அராபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு வகைக் கொட்டையும் கலந்ததைத் தேடுங்கள். நேப்பிள்ஸ் போன்ற தென்பகுதிகளில் ரொபஸ்டா தூக்கலாகவும் வறுவல் கருமையாகவும் இருக்கும். வடக்கே போகப் போக அராபிகா கூடும். ரொபஸ்டா என்றாலே மட்டம் என்பதை நான் ஏற்கவில்லை. தடித்த நுரையும் வாயில் நிற்கும் கனமும் அதிலிருந்துதான் வருகின்றன. தொடங்குபவர்களுக்கு நடுத்தரத்துக்குச் சற்று மேலான வறுவல் வசதி. வெளிர் வறுவலில் புளிப்பை அடக்குவது சிரமம். எண்ணெய் வழியும் கருங்கொட்டை கிரைண்டரில் ஒட்டிக்கொள்ளும்.

பாஸ்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

இங்கேதான் நான் இரண்டு மாதத்தை விட்டேன். கிரைண்டரை எவ்வளவு திருகினாலும் சுவை பெரிதாக மாறவில்லை. கடைசியில் பாஸ்கெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உட்பக்கம் நிறைய ஓட்டைகள், அடிப்பக்கம் ஒரே ஒரு சின்ன ஓட்டை! இரட்டைச் சுவர் பாஸ்கெட் அது. தூள் தர வேண்டிய தடையை அந்த ஒற்றை ஓட்டை தந்துவிடுகிறது, நுரையையும் அதுவே கிளப்பிவிடுகிறது. அதனால் அரவையில் இருக்கும் குறை கண்ணுக்கே தெரியாது. அடியிலும் ஓட்டைகள் நிறைந்த ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டை மாட்டுங்கள்.

மாட்டியவுடன் எனக்கு எட்டே விநாடியில் சரசரவென்று கொட்டியது. பயப்பட வேண்டாம், குறை எங்கே என்று இப்போதுதான் தெரிகிறது. இன்னும் பலமாக அழுத்தினால் சரியாகும் என்று தூளை அமுக்கும் கருவியான டேம்பரைக் கை வலிக்க அமுக்கிப் பார்த்தேன், பலனில்லை. அரவையை நைசாக்கினால்தான் வேகம் குறையும்.

அதனால் பணம் குறைவாக இருந்தால் இயந்திரத்தில் மிச்சம் பிடித்துக் கிரைண்டரில் போடுங்கள். பிளேடு சுற்றுவது உதவாது, அது பாதியைப் பொடியாகவும் பாதியை நொய்யாகவும் விட்டுவிடும். இரண்டு பல்வெட்டுகளுக்கு நடுவே கொட்டையை அரைக்கும் பர் கிரைண்டர்தான் வேண்டும். சுமாரான மின் கிரைண்டரைவிட நல்ல கைக்கிரைண்டரே என் தேர்வு. அப்புறம் 0.1 கிராம் காட்டும் தராசு.

போடும் முறை

1. போர்ட்டாஃபில்டரை (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடி) மாட்டியபடியே இயந்திரத்தை நன்றாகச் சூடாக்குங்கள். கோப்பையும் சூடாக இருக்கட்டும்.
2. 14 கிராம் எடைபோட்டு அரைத்து, மெல்லிய ஊசியால் கிளறிக் கட்டிகளை உடையுங்கள்.
3. டேம்பரைச் சாயாமல் நேராக அழுத்துங்கள். பலத்தைவிட மட்டம் முக்கியம்.
4. பம்ப் ஓடத் தொடங்கியதும் விநாடியை எண்ணுங்கள். ஐந்தாறு விநாடி கழித்துச் சொட்ட ஆரம்பித்து, பிறகு மெல்லிய இழையாக இறங்கும். இத்தாலியர்கள் இதை எலிவால் என்பார்கள்.
5. கோப்பைக்கு அடியில் வைத்த தராசில் காபியின் எடை 28 கிராம் காட்டும்போது நிறுத்துங்கள். நுரை மில்லி கணக்கை ஏமாற்றும் என்பதால் நான் எடையையே பார்க்கிறேன்.

20 விநாடிக்குள் முடிந்து புளித்தால் அரவையை நைசாக்குங்கள். 30-ஐத் தாண்டிக் கசந்தால் கொஞ்சம் பரும்படியாக்குங்கள். ஒரு நேரத்தில் அரவையை மட்டும் மாற்றுங்கள், எடையைத் தொடாதீர்கள். மாற்றிய பின் கிரைண்டருக்குள் பழைய தூள் கொஞ்சம் தங்கியிருக்கும். முதல் இரண்டு மூன்று கிராமைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் போட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: புதுப் பை பிரித்ததும் எல்லாம் கெட்டுவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பைக்கும் அரவையைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். ஒரே பை என்றாலும் நாளாக ஆக ஓட்டம் வேகமாகும், நான் வாரம் ஒருமுறை ஒரு பொடி நைசாக்குகிறேன்.

இன்னொன்று: நேரம் சரியாக 25 விநாடி, ஆனாலும் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வருகிறது என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் தூளில் ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடியிருக்கும். போட்டு முடித்த சக்கையைத் தட்டிப் பாருங்கள். அதில் சின்னக் குழியோ ஒரு பக்கம் சரிவோ இருந்தால் இரண்டாவது, மூன்றாவது படியைத்தான் மறுபடி கவனிக்க வேண்டும்.