கல்வட்டத்தைப் பார்த்தால் கை வைக்காதீர்கள்

இந்தக் கல்வட்டங்களைப் புதுக்கோட்டைப் பக்கம் குரங்குப் பட்டடை என்பார்கள், வேறு ஊர்களில் பாண்டவர் குழி, வாலியர் வீடு. பேர்தான் வேறு, எல்லாம் இரும்புக் கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள். பெரிய கற்களை வட்டமாக நட்டு நடுவே சிறுகற்களைக் குவித்திருப்பது கல்வட்டம். அதன் அடியில் பலகைக்கல் அறையோ, இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையான முதுமக்கள் தாழியோ இருக்கும்.

இதை வெறும் கல்மேடு என்று நினைப்பதுதான் முதல் தவறு. வரப்புக்கும் வேலிக்கும் அங்கிருந்து கல் பெயர்க்கிறார்கள், கிராவலுக்கு ஜேசிபி விடுகிறார்கள். கேட்டால், "தொல்லியல் துறை போர்டு ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். எத்தனையோ இடங்கள் இன்னும் பட்டியலிலேயே ஏறவில்லை, அவ்வளவுதான். ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் பத்திரம் எழுதும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் புதையல் ஆசை. ஆதிச்சநல்லூரில் ஆங்கிலேயர் காலத்துத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலான குழிகளில் இருப்பது கருப்பு சிவப்புப் பானைகள், துருப்பிடித்த இரும்பு, சில மணிகள், எலும்புத் துண்டுகள். அதற்காக மூடுகல்லை உடைப்பது கொடுமை.

எனக்கு அதிகம் வலிப்பது நல்ல மனதோடு செய்யும் தவறு. கிணறு வெட்டும்போது தாழி தட்டுப்படும், ஆர்வத்தில் வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டி, கழுவித் திண்ணையில் வைத்துவிடுவார்கள். அந்த மண்ணில்தான் விஷயமே இருக்கிறது! தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளை, வயதைக் கண்டுபிடிக்கும் கரிமக் கணிப்புக்கு அனுப்பியதால்தான் கி.மு. 1155 என்ற காலம் தெரிந்தது. கழுவியிருந்தால் அந்த நெல் தண்ணீரோடு போயிருக்கும். எது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் எடுத்த பிறகு யாருக்கும் தெரியாது.

சரி, என்ன செய்வது? வேலையை நிறுத்துங்கள், எதையும் அசைக்காமல், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் போட்டோ எடுங்கள், விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். என் பட்டா நிலம், என் பொருள் என்ற பேச்சு செல்லாது: மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

போட்டோவை ஃபேஸ்புக்கில் போடுங்கள், லொகேஷனை மட்டும் போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள்.