தீ அலாரம் அடித்தால் வழிநடத்துவது யார்? மாடிப் பொறுப்பாளருக்கான பயிற்சி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு அடுக்குமாடி அலுவலகத்தில் நீங்கள் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது முதலாளியின் கடமை. சரி, தீ அலாரம் அடித்தால் தன் மாடியில் இருப்பவர்களை வெளியே வழிநடத்தும் மாடிப் பொறுப்பாளரைப் பழக்க எங்கே தொடங்குவது?

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

பதவியைப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அந்த மாடியிலேயே இருப்பவராக, குரலெடுத்துப் பேசக்கூடியவராக இருந்தால் போதும். மாற்றாளும் கட்டாயம் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம் ஊழியர்கள் பலர் தொழுகைக்குப் போயிருப்பார்கள். பொறுப்பாளரும் மாற்றாளும் ஒரே நேரத்தில் வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வழியை நடந்து பாருங்கள்

'கெலுவார்' (மலாயில் 'வெளியேறு') விளக்கு எரியும் ஒவ்வொரு கதவு வழியாகவும் கீழ்த்தளம் வரை இறங்கிப் பாருங்கள். படிக்கட்டில் பெட்டிகள் கிடந்தால் அன்றே எடுக்கச் சொல்லுங்கள். தீக்கதவுக்குக் கட்டை கொடுத்துத் திறந்து வைக்க அனுமதிக்கவே கூடாது. அந்தக் கதவு மூடியிருந்தால்தான் படிக்கட்டுக்குள் புகை புகாது. புகுந்துவிட்டால் மேல்மாடிக்காரர்கள் இறங்க முடியாது.

படி 3: அறை அறையாகத் தேடுங்கள்

பயிற்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது, நேரம் எடுத்துச் சொல்லிக்கொடுங்கள். மாடியின் கடைக்கோடியில் தொடங்கி வெளிவாசலை நோக்கி வரவேண்டும். அப்போதுதான் தேடுகிறவர் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார். கழிப்பறை, சூராவ் (தொழுகை அறை), பேன்ட்ரி, கோப்பு அறை எதையும் விடக்கூடாது. மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் திறக்கவே வேண்டாம். இல்லையென்றால் திறந்து, குரல் கொடுத்து, கண்ணாலும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தட்டும். பூட்டக்கூடாது. கழிப்பறைக்கு வெளியே நின்று கூப்பிட்டால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவர் காதில் இயர்போன் இருக்கலாம்.

புகை சூழ்ந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும். பார்க்காத அறை எது என்று பொம்பாவிடம் (தீயணைப்புப் படையினரிடம்) சொன்னால் போதும். அவர்களிடம் சுவாசக் கருவி இருக்கிறது, நம் பொறுப்பாளரிடம் இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

படி 4: வாயைப் பழக்குங்கள்

"கெலுவார்! இக்குட் தங்கா!" அப்புறம் தமிழில், "எல்லாரும் வெளியே போங்க, படியில இறங்குங்க, லிஃப்ட் வேண்டாம்!" சத்தமாகச் சொல்ல வையுங்கள். நம்மவர்களில் பலர் முதலில் கூச்சப்படுவார்கள், விடாதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், கர்ப்பிணி ஆகியோருக்கு யார் துணை என்பதை அவர்களிடமே கேட்டு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

படி 5: கூடுமிடத்தில் கணக்கெடுங்கள்

கட்டடத்தின் முன்வாசலில் கூடக்கூடாது. பொம்பா வண்டி வரும் வழி அது. வருகையாளர், துப்புரவுப் பணியாளர் பெயர்களும் பட்டியலில் இருக்கட்டும். அவசர எண் 999-க்கு வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்காமல், அதற்கென ஒருவரை நியமியுங்கள்.

ஒத்திகை வைக்கும்போது ஒரு படிக்கட்டுக் கதவில் 'இங்கே தீ' என்று எழுதி ஒட்டுங்கள். பொறுப்பாளர் கூட்டத்தை அடுத்த படிக்கட்டுக்கு எப்படித் திருப்புகிறார் என்று கவனித்து, அன்றே உட்கார்ந்து பேசுங்கள்.